படங்கள் எங்கேதான் போகின்றன?

காரைக்குடியில் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை ஒன்றின் இணையதளத்தை ஜாங்கோவில் (பைத்தான் மொழியில் இணையதளம் கட்டும் மென்பொருள்) பராமரிக்கிறேன். கண்ணாடிமேல் கையால் வண்ணம் வார்த்துச் செய்யும் கல் அது. அதன் படத்தை மேகச் சேமிப்பில் (கிளவுட்) வைத்துக் காட்டுவதற்குள் உயிர் போகிறது!

ஜாங்கோ 4.2 பதிப்பில், கோப்புகளை எங்கே சேமிப்பது என்று சொல்ல 'ஸ்டோரேஜஸ்' என்று புது அமைப்பைக் கொண்டுவந்தார்கள். சரி. 5.1-இல், அதே வேலையைச் செய்துவந்த பழைய 'டீஃபால்ட் ஃபைல் ஸ்டோரேஜ்' வரியை நீக்கிவிட்டார்கள். அந்த வரி நம் அமைப்புக் கோப்பில் அப்படியே கிடந்தால் ஒரு பிழைச் செய்தியாவது வரவேண்டாமா? வராது. வாய் திறக்காமல் படங்களைச் சர்வரின் வட்டிலேயே எழுதும். தளம் ஓடும் தற்காலிகப் பெட்டியான கன்டெய்னரைப் புதுப்பித்தால் அத்தனையும் காலி. பட்டறைக்காரர் "தம்பி, பூக்கல் படம் எங்கே?" என்று கேட்டால் நான் என்ன சொல்வது?

சேமிப்பு ஒழுங்காக அமைந்தாலும் நிம்மதி உண்டா? படத்தைக் கொஞ்ச நேரம் மட்டும் திறக்கவிடும் 'கையொப்பமிட்ட இணைப்பின்' ஆயுள் இயல்பாக 3600 விநாடி. அதை இங்கிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். கானாடுகாத்தானில் வீட்டைப் புதுப்பிக்கும் ஆச்சி சாப்பிட்டு, ஓய்வெடுத்துத் திறந்தால் படத்துக்குப் பதில் எக்ஸ்எம்எல் பிழைக்குறிப்புக் குப்பை! அவர் அதை வைத்து எந்தக் கல்லைத் தேர்ந்தெடுப்பார்?

போதாக்குறைக்கு, தரவுத்தளத்தில் பதிவை அழித்தாலும் கோப்பு அழியாது. அனாதைப் படங்களுக்கெல்லாம் மாதாமாதம் வாடகை கட்ட வேண்டும். யார் வீட்டுப் பணம்?