தேனீ வளர்ப்பு என்று எழுதினால் மென்பொருள் நிராகரிக்குமா?

ரெஸ்யூமேவில் வழக்கத்துக்கு மாறான பொழுதுபோக்கு இருந்தால், விண்ணப்பங்களை வடிகட்டும் ஏடிஎஸ் மென்பொருள் அதைத் தானாகவே நிராகரித்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். பயம் புரிகிறது, ஆனால் அது அப்படி வேலை செய்வதில்லை.

பொதுவாக ஏடிஎஸ் செய்வது, ரெஸ்யூமேவைப் பிரித்துப் பெயர், படிப்பு, அனுபவம், திறன்கள் என்று கட்டங்களில் போடுவது. அப்புறம் ஆள் எடுப்பவர் அதில் தேடுவார். தானியங்கி நிராகரிப்பு பெரும்பாலும் விண்ணப்பப் படிவத்தின் கேள்விகளில்தான் வருகிறது: 'வேலை அனுமதி உண்டா?', 'உரிமம் இருக்கிறதா?' மாதிரி. அங்கே 'இல்லை' என்று டிக் செய்தால் வெளியே போக வாய்ப்புண்டு. அந்த விதியையும் ஒரு மனிதர்தான் அமைத்திருப்பார். தேனீ வளர்க்கிறீர்களா, பழைய தட்டச்சுப் பொறிகளைப் பழுது பார்க்கிறீர்களா என்று யாரும் விதி எழுதி வைப்பதாகத் தெரியவில்லை.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ரெஸ்யூமேவைப் பதிவேற்றியதும் படிவத்தைத் தானாக நிரப்பும் தளம் ஒன்றைத் திறந்து, எந்தெந்தக் கட்டங்கள் நிரம்புகின்றன என்று பாருங்கள். பொழுதுபோக்குக்கு என்று தனிக் கட்டம் அநேகமாக இருக்காது. இன்னொரு வழி, கிரீன்ஹவுஸ் போன்ற ஏடிஎஸ் நிறுவனங்களின் உதவிப் பக்கங்கள். தானியங்கி நிராகரிப்பை எதன் அடிப்படையில் அமைக்கலாம் என்று அவர்களே விளக்கியிருக்கிறார்கள்.

ரெஸ்யூமேவைப் படிக்கும் மனிதருக்கு அந்தப் பொழுதுபோக்கு பிடிக்குமா என்பது வேறு கேள்வி. என்னைக் கேட்டால், நேர்காணலில் ஐந்து நிமிடம் பேச முடிகிற பொழுதுபோக்கு என்றால் தாராளமாகப் போடலாம்.