காலை அமுக்குங்கள், கழுத்தை விட்டுவிடுங்கள்

“இந்த இடத்தில் இரண்டு நிமிடம் அழுத்துங்கள், பிரஷர் 30 பாயிண்ட் இறங்கும்” என்கிற காணொளி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு மறுபடியும் வந்திருக்கிறது. குழுவில் பாதிப்பேர் பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்கள். அதனால் அங்கே நாலு வரியில் முடிக்க வேண்டியதை இங்கே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உடம்பில் குறிப்பிட்ட புள்ளிகளை விரலால் அழுத்தும் சீன அக்குபிரஷர் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. என் பெரியம்மா தினமும் இரவு சீரியல் பார்த்துக்கொண்டே தன் பாதத்தை அழுத்திக்கொள்வார். நல்லா தூக்கம் வருது என்பார். சில நாள் நானே அமுக்கிவிடுவேன். என் சண்டையெல்லாம் அந்த 30 பாயிண்டோடுதான்.

காணொளியை நிதானமாகப் பாருங்கள். ஒருவர் வருகிறார், உட்கார்ந்த கையோடு பட்டையைச் சுற்றிவிடுகிறார்கள். அவர் பேசிக்கொண்டே இருக்கிறார், கால் மேல் கால், கை கீழே தொங்குகிறது. மிஷின் 170 காட்டுகிறது. அப்புறம் அவர் கண்ணை மூடிச் சாய்ந்திருக்க, ஒருத்தர் பத்து நிமிடம் காலை அமுக்கிவிடுகிறார். திரும்ப அளந்தால் 142. உடனே கைதட்டல். இதில் விரல் இறக்கியது எவ்வளவு, நாற்காலி இறக்கியது எவ்வளவு? பேசிக்கொண்டே அளந்தால் அளவு கூடும். கை தொங்கினால் கூடும். சிறுநீரை அடக்கிக்கொண்டு இருந்தால்கூடக் கூடும். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் பட, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து அளக்கச் சொல்வது இதற்காகத்தான். வீட்டில் மிஷின் இருந்தால் ஒரு நாள் யாரையும் அமுக்கவிடாமல் பத்து நிமிடம் சும்மா சாய்ந்து உட்கார்ந்துவிட்டு அளந்து பாருங்கள். கணிசமாக இறங்கியிருக்கும். அதற்கு யாரும் கட்டணம் கேட்கமாட்டார்கள்.

சரி, சீனப் புள்ளிகளுக்கு வருவோம். ரத்த அழுத்தத்துக்கு அதிகம் சொல்லப்படுவது ‘தாய்ச்சோங்’. கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் விரலை வைத்துப் பாதத்தின் மேல்பக்கமாக நகர்த்திக்கொண்டே போனால், எலும்புகள் சேரும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு பள்ளம் தட்டுப்படும், அதுதான். மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரற்கடை மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவில் ‘நெய்குவான்’. முழங்கை மடிப்பின் வெளி ஓரத்தில் ஒன்று, உள்ளங்காலில் ஒன்று. லேசாக வலிக்கிற அளவுக்கு ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் அழுத்துவார்கள்.

இந்த வைத்தியத்துக்கு அடிப்படையான ‘ஹுவாங்டி நெய்ஜிங்’ ஏறக்குறைய 2,000 ஆண்டு பழைய நூல். அதில் உயர் ரத்த அழுத்தம் என்றொரு நோய் கிடையாது. இருக்கவும் முடியாது. கையில் பட்டை சுற்றி அளக்கும் கருவியை இத்தாலிக்காரர் ரிவா-ரோச்சி 1896-ல்தான் கொண்டுவந்தார். ஸ்டெத்தாஸ்கோப் வைத்து மேல் அளவு, கீழ் அளவு இரண்டையும் கண்டுபிடிக்கும் முறையை ரஷ்ய மருத்துவர் கொரோட்காஃப் சொன்னது 1905-ல். பழைய சீன வைத்தியர்கள் பார்த்தது தலைவலியை, கிறுகிறுப்பை, முகச் சிவப்பை, எரிச்சலை. கல்லீரலின் ‘யாங்’, அதாவது சூடான சக்தி, மேலே ஏறிவிட்டது என்று அதற்கு விளக்கம் சொல்லி, கீழே இறக்குவதற்காகக் காலில் அழுத்தினார்கள். உடம்பு சொன்னதைக் கேட்டு வைத்தியம் செய்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் பிரஷர் பெரும்பாலும் உடம்பில் எதையுமே சொல்லாது. 180 இருக்கும், ஆள் தெம்பாகக் கடைக்குப் போய்வருவார். தலைவலி போச்சு, தூக்கம் வருது, அதனால பிரஷரும் போச்சு என்று கணக்குப் போடுவது இங்கேதான் தப்பாகிறது. அமுக்கியதில் தலைவலி உண்மையிலேயே போயிருக்கலாம். ரத்தக்குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்துக்கு அது தெரியாது.

அப்படியானால் புள்ளிகளில் சரக்கே இல்லையா? ஊசி வைத்து, அதாவது அக்குபஞ்சரில், ஒழுங்காகவே சோதித்திருக்கிறார்கள். 2006-ல் பாஸ்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையில் 192 பேர். ஒரு சாராருக்குச் சரியான புள்ளிகளில் ஊசி, இன்னொரு சாராருக்குப் புள்ளி அல்லாத இடங்களில். இரு பக்கமும் மேல் அளவு 4 பாயிண்ட் போலத்தான் இறங்கியது, வித்தியாசம் இல்லை. அடுத்த ஆண்டே ஜெர்மனியில் 160 பேரிடம் ஆறு வாரம் செய்த சோதனை வேறு மாதிரி முடிந்தது. நாள் முழுக்க அளந்ததில், நிஜப் புள்ளியில் குத்தியவர்களுக்கு மேல் அளவு 5, கீழ் அளவு 3 என்கிற அளவில் இறங்கியிருந்தது. போலி ஊசிக்கு இறங்கவில்லை. ஆனால் ஊசியை நிறுத்தி மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் எல்லாம் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. விரலால் அழுத்துவதில் தைவானில் இந்தத் தாய்ச்சோங் புள்ளியையே சோதித்து, அளவு இறங்கியதாகச் சொன்னார்கள். அவர்கள் அளந்தது அரை மணி நேரம் வரைக்கும்.

5 பாயிண்ட் என்பதை நான் அலட்சியமாகச் சொல்லவில்லை. மாத்திரையும் நடையும் இருக்க, கூடவே அதுவும் கிடைத்தால் லாபம்தான். 170-இல் இருப்பவருக்கு அது மட்டும் எதற்குக் காணும்?

கழுத்து விஷயத்தை மட்டும் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். சீன மசாஜில் ‘ச்சியாவ்கோங்’ என்று ஒரு கோடு உண்டு, காதுக்குப் பின்னாலிருந்து கழுத்தின் பக்கவாட்டில் இறங்கும். அதைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழே தடவிவிட்டால் பிரஷர் இறங்கும் என்பார்கள். உண்மையிலேயே இறங்கும். மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் பிரியும் இடத்தில் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அங்கே அமுக்கினால் பிரஷர் ஏறிவிட்டது என்று அவை ஏமாந்து மூளைக்குச் செய்தி அனுப்பும், இதயம் மெதுவாகும். இதய மருத்துவர்களே சில வகைப் படபடப்பை நிறுத்த அந்த இடத்தை அழுத்துவது உண்டு. ஆனால் ஈசிஜி மாட்டி, கழுத்தில் ஸ்டெத் வைத்துக் கேட்டுவிட்டு, ஒரு சமயத்தில் ஒரு பக்கம் மட்டும். வயதானவர்களுக்கு அந்தக் குழாயில் கொழுப்பு படிந்திருக்கலாம். அது பெயர்ந்து மேலே போனால் பக்கவாதம். இரண்டு பக்கமும் சேர்த்து அமுக்கினால் மயங்கி விழலாம். இந்தக் காணொளிகளில் எனக்குப் பயம் தருவது இது ஒன்றுதான், இதைத்தான் ‘உடனடிப் பலன்’ என்று போடுகிறார்கள்.

சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் அழுத்தமாக அமுக்கக் கூடாது. காலில் ரத்தக்கட்டு சந்தேகம் இருந்தால் தொடவே வேண்டாம். கர்ப்பிணிகளுக்குச் சில புள்ளிகளைத் தொடக் கூடாது என்று சீன மரபே சொல்கிறது.

அப்புறம் நம்ம ஊரில், எல்லா மாத்திரையையும் குப்பையில் போடச் சொல்லும் சில ஹீலர்கள். சீனாவில் அரசு மருத்துவமனைகளிலேயே பாரம்பரிய மருத்துவப் பிரிவு இருக்கிறது, அங்கே மாத்திரையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். இங்கே மட்டும் ஏன் ஒன்றை விட்டால்தான் மற்றது பலிக்கும் என்கிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை. “நிறுத்திப் பார்த்தேன், மூணு நாளா நார்மலாத்தான் இருக்கு” என்று பலர் எழுதுகிறார்கள். பலரும் சாப்பிடும் அம்லோடிபின் என்கிற பிரஷர் மாத்திரை உடம்பில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். நிறுத்தி மூன்று நாள் ஆனாலும் வேலை செய்துகொண்டிருப்பது பழைய மாத்திரைதான், பெயர் மட்டும் புள்ளிக்குப் போகிறது. கிளோனிடின், மெட்டோப்ரோலால் போன்றவை வேறு ரகம். திடீரென்று நிறுத்தினால் அளவு துள்ளி ஏறும், இதய நோயாளிக்கு நெஞ்சுவலியே வரலாம். மாத்திரை வாங்கக் காசில்லை என்பதும் இல்லை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021-லிருந்து தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

சீனாவிடமிருந்து பிரஷருக்கு ஏதாவது எடுத்துக்கொள்ள வேண்டும் என்றால் என் ஓட்டு உப்புக்கு. வட சீனக் கிராமங்கள் 600-இல், ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள் அல்லது 60 வயது தாண்டி பிரஷர் இருப்பவர்கள் என 20,995 பேரை ஏறக்குறைய ஐந்து ஆண்டு கவனித்தார்கள். பாதிக் கிராமங்களுக்கு வழக்கமான உப்பு, மீதிக்குக் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு. 2021-ல் முடிவு வந்தது. மாற்று உப்பு சாப்பிட்டவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைவு, இறப்பும் குறைவு. இதற்கு யாரும் ரீல்ஸ் போடவில்லை. உப்பைக் காட்டி எப்படிக் கைதட்டல் வாங்குவது?

சோடியம் குறைந்த உப்பு என்று நம்ம கடைகளிலும் கிடைக்கிறது, விலை கொஞ்சம் கூட. ஆனால் சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும், டெல்மிசார்டன், ராமிப்ரில், ஸ்பைரனோலாக்டோன் போன்ற பிரஷர் மாத்திரைகள் எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் அந்தப் பாக்கெட்டை வாங்காதீர்கள், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடும். பெரியம்மாவுக்கு டெல்மிசார்டன்தான். அதனால் எங்கள் வீட்டில் அதே பழைய உப்பு, ஊறுகாயும் அப்பளமும் மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விட்டன.