டிலே பெடலுக்கு ட்ரூ பைபாஸ் அவசியமா?

டிலே பெடல் என்பது கிட்டார் ஒலியை எதிரொலிக்கச் செய்யும் மிதிகருவி. அதன் பஃபர் பைபாஸை (அணைத்திருக்கும்போதும் சிக்னலை வலுவாக அனுப்பும் பஃபர் சுற்றின் வழியைக்) நீக்கிவிட்டு, ஒன்பது முனை கொண்ட மிதி சுவிட்சால் ட்ரூ பைபாஸ் (அணைத்ததும் சிக்னல் சர்க்யூட்டைத் தொடாமல் நேராகக் கடப்பது) செய்துகொள்ளலாம் என்று நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர் கூறுகிறார். அது ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடலுக்குப் பொருந்தும். டிலேக்குப் பொருந்துமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. அந்தச் சுவிட்ச் வெளியீட்டையே துண்டித்துவிடுவதால், மிதித்த கணமே எதிரொலி பாதியில் அறுந்துபோகும். அதற்குப் பதிலாக, பஃபரை அப்படியே விட்டுவிட்டு, டிலே சிப்புக்குள் போகும் ஒலியை மட்டும் சுவிட்ச் நிறுத்தும்படி மாற்றினால், ஏற்கெனவே உள்ளே போன ஸ்வரங்கள் தாமாகத் தேய்ந்து அடங்கும். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டக் கோயில் திருவிழா மேடைகளில் ஆம்ப் (ஒலிபெருக்கி) ஓர் ஓரத்திலும் கிட்டார் வாசிப்பவர் மறு ஓரத்திலும் இருப்பதுண்டு. சாதாரண கேபிளில் மீட்டருக்கு ஏறக்குறைய 100 பிகோஃபாரட் மின்தேக்குதிறன் சேர்வதால், பஃபர் இல்லாமல் 10 மீட்டர் இழுத்தால் மேல்ஸ்தாயியின் கூர்மை மழுங்கிவிடும் (பாடகர் அதைக் கவனிக்க மாட்டார், வாசிப்பவருக்குத் தெரியும்). ட்ரூ பைபாஸ்தான் வேண்டும் என்போர், சர்க்யூட்டின் உள்ளீட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 1 மெகாஓம் மின்தடையம் ஒன்றையும், வெளியீட்டுப் பக்கம் அதேபோல் இன்னொன்றையும் பற்றவைக்க வேண்டும். கெபாசிட்டர் வழியே கசிந்து தேங்கும் மின்னூட்டம் வடிய வழியில்லாவிட்டால், மிதிக்கும்போதெல்லாம் ஒலிபெருக்கியில் ‘டப்’ என்று கேட்கும். கட்டுரையில் உள்ள வரைபடத்தில் அந்த மின்தடையங்கள் காணப்படவில்லை.