"எடிட்ல பாத்துக்கலாம்" என்று இனிமேல் யாரும் என்னிடம் சொல்லாதீர்கள்

நான் எடுத்துப் பதிவிட்ட ஒரு போர்ட்ரெய்ட்டுக்கு, அதாவது முகப்படத்துக்கு, கீழே கமென்ட்களில் நடந்த கூத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள், முழுக்க விவரிக்கப் போவதில்லை. "செம சாஃப்ட்வேர் போல, எது யூஸ் பண்றீங்க?" என்று ஆரம்பித்து, படத்தை இறக்கி ஏதோ ஓர் ஆப்பில் போட்டு வெளுத்து வழித்து, "இப்பதான் போட்டோ மாதிரி இருக்கு" என்று என்னையே டேக் செய்த புண்ணியவானுக்கு அங்கேயே பதில் சொல்லியிருக்கலாம். சொன்னால் சண்டையாகும். அதனால் இங்கே, நிதானமாக எழுதுகிறேன். நிதானம் எத்தனை பத்திக்குத் தாங்கும் என்று தெரியாது.

சொல்ல வருவது ஒன்றுதான். போர்ட்ரெய்ட்டில் லைட், தூரம், ஃபோகஸ் மூன்றும் ஷட்டர் விழும் நொடியிலேயே முடிந்துபோகின்றன. அதற்கப்புறம் எந்த சாஃப்ட்வேர் வந்தாலும் மிஞ்சியதை வைத்துத்தான் வேலை பார்க்க வேண்டும்.

தூரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கு நுனிக்கும் காதுக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் இருக்கும். அகலக் காட்சி தரும் 24 எம்எம் லென்ஸை மாட்டி நாற்பது சென்டிமீட்டரில் முகத்தை நிரப்பி எடுத்தால், காதோடு ஒப்பிடும்போது மூக்கு கிட்டத்தட்ட 30 சதவீதம் பெரிதாக விழும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று 85 எம்எம்மில் எடுத்தால் அதே வித்தியாசம் 6 சதவீதம்தான். பலரும் லென்ஸைக் குறை சொல்வார்கள். லென்ஸ் ஒன்றும் செய்யவில்லை, நின்ற இடம் செய்த வேலை இது. "லிக்விஃபைல மூக்கைக் கொஞ்சம் சின்னதாக்கிடுங்க" என்பார்கள், அதாவது படத்தை இழுத்து நெளிக்கும் டூலால். ஆக்கலாம். ஆனால் கிட்டத்திலிருந்து பார்க்கும்போது கன்னத்துக்குப் பின்னால் மறைந்துபோன காதை எங்கிருந்து கொண்டுவருவது? அது ஃபைலிலேயே கிடையாது.

லைட்டும் அப்படித்தான். 90 சென்டிமீட்டர் சாஃப்ட் பாக்ஸை (வெளிச்சத்தைப் பரப்பித் தரும் துணிப்பெட்டி) முகத்துக்கு ஒரு மீட்டரில் வைத்தால் நிழலின் ஓரம் மெல்லக் கரையும். அதையே மூன்று மீட்டருக்குத் தள்ளினால் முகத்துக்கு அது ஒரு சின்ன லைட். மூக்கு நிழல் உதட்டு மேல் கத்தியால் கீறியது போல விழும், வெளிச்சமும் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். எடிட்டில் இருண்ட இடத்தை ஏற்றும் ஷேடோ ஸ்லைடரை இழுத்தால் அந்த நிழல் சாம்பலாகும், அவ்வளவுதான். ஓரம் அங்கேயே நிற்கும். ஒரு பக்கம் 5500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தை அளக்கும் அலகு) பகல் வெளிச்சம், இன்னொரு பக்கம் 3200 கெல்வின் மஞ்சள் பல்பு என்றால் ஒரு கன்னம் நீலம், ஒரு கன்னம் ஆரஞ்சு. படம் முழுவதன் நிறச் சாய்வைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸ் ஸ்லைடர் ஒன்றே ஒன்றுதான். எந்தக் கன்னத்துக்கு நகர்த்துவது? மாஸ்க் போட்டு, அதாவது வேண்டிய பகுதியை மட்டும் பிரித்து, சரிசெய்யலாம். ஆனால் இரண்டு வெளிச்சமும் கலக்கும் மூக்குத்தண்டில் அழுக்கு நிறம் ஒன்று உட்கார்ந்துகொள்ளும். அந்த பல்பை அணைக்க எவ்வளவு நேரமாகும்?

நெற்றி மினுமினுப்புக்கும் இதே கதை. எக்ஸ்போஷர் மீறி வெடித்த இடத்தில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்று சேனலும் உச்ச அளவான 255, அதாவது வெறும் வெள்ளை. ஹைலைட்டை இறக்கினால் கிடைப்பது சாம்பல் திட்டு, தோல் கிடையாது. எண்ணெய் உறிஞ்சும் ஒரு பிளாட்டிங் பேப்பரை நெற்றியில் ஒற்றி எடுப்பது பத்து நொடி வேலை.

"ராவில்தானே எடுக்கிறீங்க, எல்லாத்தையும் மீட்டுடலாமே" என்பவர்களுக்கு: ரா என்பது சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் மூல ஃபைல். 14 பிட் ராவில் ஒரு சேனலுக்கு 16,384 வெளிச்சப் படிகள், 8 பிட் ஜேபெக்கில் 256. வித்தியாசம் பெரிதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் படிகள் சமமாகப் பங்கிடப்படவில்லை. மேலே, மிகப் பிரகாசமாக இருக்கும் ஒரே ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) பாதியைத் தின்றுவிடும். மூன்று ஸ்டாப் இருட்டாக எடுத்தால் உங்கள் கைக்கு வருவது மீதி 2,048. சென்சாரில் விழுந்த ஒளியும் எட்டில் ஒன்று. அதைத் தூக்கினால் தாடைக்குக் கீழே சிவப்பும் பச்சையுமாக மணல் கொட்டியது போல நாய்ஸ் புள்ளிகள் இருக்கும். நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால் மணலோடு தோலும் போகும்.

ஃபோகஸ் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. 85 எம்எம், எஃப் 1.4 (லென்ஸின் துளை அகலத் திறந்த நிலை), ஒன்றரை மீட்டர் என்றால் கூர்மையாக விழும் ஆழம் இரண்டரை சென்டிமீட்டர்தான். புருவத்தில் விழுந்துவிட்டால் கண் போச்சு. ஷார்ப்பன் செய்தால் மங்கலின் ஓரம்தான் தடிக்கும்.

இப்போது வருவார்கள்: "அப்ப நீங்க எடிட்டே பண்றதில்லையா?" பண்ணுகிறேன். யார் இல்லை என்றது? எப்படிப் பண்ணுகிறேன் என்று கேளுங்கள். படத்துக்கு மேல் காலி லேயர் ஒன்று, பக்கத்துத் தோலை எடுத்து ஒட்டும் ஹீலிங் பிரஷ், இவற்றை வைத்துப் பரு, தூசி, உதட்டில் ஒட்டிய முடி எல்லாம் எடுப்பேன். இரண்டு வாரத்தில் தானாகப் போவது போகலாம்; மச்சமும் தழும்பும் அவர்கள் சொல்லாமல் போகாது. அப்புறம் வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் இரண்டு கர்வ்ஸ் லேயர், ஒன்று வெளிச்சத்துக்கு, ஒன்று இருட்டுக்கு. இரண்டின் மாஸ்க்கையும் கறுப்பாக நிரப்பி மறைத்துவிட்டு, மிக மெல்லிய இரண்டு சதவீத ஃபுளோவில் வெள்ளை பிரஷ்ஷால் திட்டுத்திட்டாக இருக்கும் இடத்தை மட்டும் சமப்படுத்துவது. முன்னூறு சதவீதம் ஜூம் செய்து உட்கார்ந்தால் ஒவ்வொரு துளையும் எதிரியாகத் தெரியும், அதனால் நூறைத் தாண்டுவதில்லை. கை அரிப்பவர்கள் ஃப்ரீக்வன்சி செபரேஷன் செய்வார்கள்: கீழ் லேயரை மங்கலாக்கி நிறத்தை அங்கேயும், தோலின் நுணுக்கத்தை மேல் லேயரிலும் தனித்தனியாகப் பிரித்து வைப்பது. நல்ல முறைதான். ஆனால் கீழ் லேயரில் தாடை ஓரத்தைத் தொட்டால் முடியின் கறுப்பு தோலுக்குள் கசிந்து, அழுக்கு வளையம் ஒன்று முகத்தைச் சுற்றி வரும். பிளாஸ்டிக் முகம் என்று சொல்கிறீர்களே, அதில் பாதி இங்கேதான் பிறக்கிறது. மீதிப் பாதி, உங்கள் ஆப்பில்.

"ஃபிலிம் காலத்துல இதெல்லாம் ஏது, எடுத்தா எடுத்ததுதான்" என்று ஒரு பெரியவர் எழுதியிருந்தார். மரியாதையோடு சொல்கிறேன் ஐயா, அது உண்மை இல்லை. ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டெங்கல் என்ற ஜெர்மானியர் 1855 பாரிஸ் கண்காட்சியிலேயே ரீடச் செய்த நெகட்டிவையும், செய்ததற்கு முன், பின் எடுத்த பிரிண்ட்களையும் வைத்துக் காட்டியிருக்கிறார். நெகட்டிவ் மேல் பென்சில் போட்டுச் சுருக்கத்தை மறைப்பது ஸ்டுடியோக்களில் தனித் தொழிலாகவே இருந்தது. 1990-இல் வந்த போட்டோஷாப்பில் ஓர் இடத்தை வெளுப்பாக்கும் டாட்ஜ் டூலின் படம் ஏன் குச்சி நுனியில் வட்டமாக இருக்கிறது, கறுப்பாக்கும் பர்ன் டூல் ஏன் மடக்கிய கையாக இருக்கிறது? டார்க்ரூமில் பிரிண்ட் போடும்போது என்லார்ஜர் கருவியின் வெளிச்சத்தை மறைக்கப் பிடித்த அட்டையும் கையும்தான் அவை. ரீடச் பழைய வேலை. அன்றும் நெகட்டிவ் நன்றாக இருந்தால்தான் பென்சிலுக்கு வேலை இருந்தது.

"கஸ்டமர் காசு குடுக்கறார், அவர் முகம், அவர் இஷ்டம்." இதில் நியாயம் இருக்கிறது, மறுக்க மாட்டேன். அவர் தன் படத்தை என்ன வேண்டுமானாலும் செய்யட்டும். ஆனால் இங்கே ஆப்பில் போட்டவர் கஸ்டமர் இல்லையே. அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. அவருக்குப் பிடித்திருந்தது. உங்களுக்குத்தான் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் வாய்விட்டுச் சொல்லுங்களேன் பார்ப்போம்.

நானே சொல்கிறேன். அந்த முகம் கறுப்பு. ஆப் அதை இரண்டு ஸ்டாப் வெளுத்திருக்கிறது. கழுத்தை விட்டுவிட்டது, அதனால் முகம் தனியாகவும் கழுத்து தனியாகவும் இரண்டு பேருடையவை போல இருக்கின்றன. மூக்குக்கண்ணாடியின் ஃபிரேம் ஓரத்தில் நெளிந்திருக்கிறது. காதோர முடிகள் தோலோடு உருகி ஒட்டிவிட்டன. கறுத்த தோலின் அழகே அதன் மேல் வெளிச்சம் ஓடும் விதத்தில் இருக்கிறது: நெற்றி மேட்டில் ஒரு கீற்று, கன்ன எலும்பில் ஒரு கீற்று, மூக்குத்தண்டில் ஒன்று. பெரிய லைட்டைப் பக்கவாட்டில் வைப்பதே அந்தக் கீற்றுக்காகத்தான். எச்எஸ்எல்லில் (ஒவ்வொரு நிறத்தையும் தனியாக மாற்றும் இடம்) தோலின் நிறமான ஆரஞ்சின் லூமினன்ஸை, அதாவது பிரகாசத்தை, நாற்பது ஏற்றிப் பாருங்கள், கீற்றும் கன்னமும் உதட்டோரமும் ஒரே மாவாகிவிடும். அதைத்தான் "போட்டோ மாதிரி இருக்கு" என்கிறார்கள். ஒருவரின் முகத்தைத் துடைத்து எடுத்துவிட்டு அதற்குப் பாராட்டு வேறு வேண்டுமாம்.

பிரான்ஸில் 2017 முதல் விளம்பரங்களில் மாடலின் உடல்வாகை மாற்றினால் 'ரீடச் செய்த படம்' என்று எழுதியாக வேண்டும். நார்வேயில் 2022 முதல் தோலையோ உடல் அமைப்பையோ மாற்றிய விளம்பரங்களுக்கு அடையாளம் கட்டாயம். விளம்பரத்துக்கே அங்கே இவ்வளவு. இங்கே அடுத்தவர் முகத்தை வெளுத்துவிட்டு ஸ்மைலி போடுகிறோம்.

"ஏஐ வந்தாச்சு சார், இன்னும் லைட்டு, தூரம்னு பேசிட்டிருக்கீங்க." வரட்டும். பின்னால் தொங்கும் ஒயரை அழிக்க நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். கண் இமையை வரைந்து தரச் சொன்னால் அழகான இமை ஒன்றை வரைந்து தரும், சந்தேகமே இல்லை. அந்த இமை யாருடையது என்பது மட்டும்தான் பிரச்சினை.

எந்த பிரீசெட் (ஒரே கிளிக்கில் போடும் தயார் எடிட்) என்று இன்பாக்ஸில் கேட்ட அத்தனை பேருக்கும் சேர்த்து இங்கேயே கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 85 எம்எம், எஃப் 2.8, 1/160, ஐஎஸ்ஓ 200, இரண்டு மீட்டர் தூரம். இடது பக்கம் ஒரே ஜன்னல், அதில் மெல்லிய வெள்ளைத் திரை. வலது கன்னத்துக்கு ஒன்றரை அடியில் ஒரு வெள்ளை தெர்மோகோல். ஒயிட் பேலன்ஸ், நிறத்தை ஒப்பிட வைக்கும் சாம்பல் அட்டையான கிரே கார்டிலிருந்து. எடிட்டில் டெக்ஸ்சர் (தோலின் நுணுக்கம்) மைனஸ் 8. நெற்றியில் ஒரு பரு எடுத்தது. இணையத்துக்கான பொது நிற முறையான எஸ்ஆர்ஜிபியில் எக்ஸ்போர்ட். பிரீசெட் கிடையாது. தெர்மோகோல் எந்தக் கம்பெனி என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.