ராணிகள் மட்டுமா எகிப்து?

கிளியோபாட்ரா, ஹட்ஷெப்சுட், நெஃபர்டிட்டி என்று, பண்டைய எகிப்தின் பெண்களைப் பற்றிய உங்கள் கட்டுரையை ராணிகளோடு முடித்துவிட்டீர்களே! சாதாரணப் பெண்களின் கதைதான் இன்னும் சுவாரஸ்யம். அரசர்களின் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர்கள் வாழ்ந்த தேர் எல் மதீனா என்ற ஊரில் நவுனக்தே என்று ஒரு அம்மா. ஏறத்தாழ 3,100 ஆண்டுகளுக்கு முன், ஐந்தாம் ராம்சேஸ் மன்னர் காலத்தில், ஊர் மன்றத்தின் முன் நின்று உயில் எழுதி வைத்தார். எட்டுப் பிள்ளைகளையும் வளர்த்து ஆளாக்கினேன், வயதான காலத்தில் கவனித்தவர்களுக்குத்தான் என் சொத்து, மற்றவர்களுக்குக் கிடையாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். நன்றாகப் பார்த்துக்கொண்ட ஒரு மகனுக்குக் கூடுதலாக ஒரு வெண்கலப் பாத்திரம் வேறு! தகப்பன் சொத்தில் மட்டும் எல்லாருக்கும் பங்கு உண்டு, ஏனென்றால் அதில் கை வைக்க இந்த அம்மாவுக்கு உரிமை இல்லை. தன் பங்கு தன் இஷ்டம். அந்த உயில் எழுதப்பட்ட பாப்பிரஸ் (நாணல் தாள்) இப்போது ஆக்ஸ்ஃபோர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடுத்த பகுதியில் இவரைப் பற்றியும் எழுதுங்கள் சார்.