பெட்ரோல் விலையை ஏற்றியது பைடனா?

"டிரம்ப் ஆட்சியில் ஒரு கேலன் (சுமார் 3.8 லிட்டர்) பெட்ரோல் 2 டாலருக்கும் கீழே, பைடன் வந்ததும் 5 டாலர்" என்று ஒரு படம் சுற்றுகிறது. விலைகள் சரி, சொல்லும் காரணம்தான் தவறு.

முதல் விலை 2020 ஏப்ரலில் இருந்தது. கொரோனா ஊரடங்கில் கார்கள் வாசலிலேயே நின்றன. எண்ணெயைத் தேக்கி வைக்க இடமில்லாமல், ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்த விலை (மே மாதத்தில் எண்ணெயைப் பெற்றுக்கொள்ள முன்கூட்டியே பேசும் விலை) பீப்பாய்க்கு மைனஸ் 37 டாலருக்குப் போனது. அதாவது, எடுத்துக்கொண்டு போகிறவருக்கே பணம் கொடுக்க வேண்டிய நிலை! அந்த ஒரே மாதத்தில் அமெரிக்காவில் சுமார் 2 கோடி வேலைகள் பறிபோயின. அதைப் போய்ப் பொற்காலமாகக் காட்டுவது வேதனை.

5 டாலர், 2022 ஜூனில். ஊரடங்கு விலகித் தேவை திரும்பியிருந்தது. பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தபின் உலகெங்கும் விலை ஏறியது. அப்புறம், விலையைத் தணிக்க அமெரிக்க அரசின் அவசரகால எண்ணெய்க் கையிருப்பிலிருந்து 18 கோடி பீப்பாய் விடுவிக்க பைடன் உத்தரவிட்டதும் அந்தப் படத்தில் இல்லை.