பத்தாயிரம் பவுண்டுப் பெண்

ரீஜென்சி கால (மன்னருக்குப் பதிலாக இளவரசர் ஆண்ட 1811–1820) ஆங்கிலேய நிலக்கிழார் குடும்பங்கள் என்றாலே நம் ஆட்கள் நடன விருந்தையும் நாலு குதிரை வண்டியையும்தான் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், அந்த வீடுகளைப் புரிந்துகொள்ள வக்கீல் எழுதிய கல்யாண செட்டில்மென்ட் பத்திரம் (மணத்துக்கு முன்பே சொத்தில் யாருக்கு என்ன என்று எழுதும் ஒப்பந்தம்) ஒன்றைப் பிரித்துப் பார்த்தாலே போதும்.

அன்றைய பொதுச் சட்டப்படி, தேவாலயத்தில் மோதிரம் விரலில் ஏறியதும் பெண்ணின் ரொக்கம் மாப்பிள்ளையுடையது. அவள் பெயரில் நிலம் இருந்தால் அதன் வருமானமும் அவன் கைக்கே போகும். 1870, 1882ஆம் ஆண்டுச் சட்டங்கள் வந்துதான் இது மாறியது. அதுவரை பெண்ணைப் பெற்றவருக்கு இருந்த ஒரே பிடி இந்தப் பத்திரம்.

பெண் 10,000 பவுண்டு கொண்டுவருகிறாள் என்று வையுங்கள். மாப்பிள்ளை வீட்டில் நிலம் அதிகம் என்றால் பணம் பெரும்பாலும் அங்கேயே போய்விடும். பழைய அடமானத்தை மீட்கவோ நாத்தனாருக்குச் சீர் கொடுக்கவோ செலவாகும். பதிலுக்கு, அவள் விதவையானால் ஆயுள் முழுக்க ஆண்டுப்பணம் தர அந்த நிலத்தின் மேல் பொறுப்பு எழுதுவார்கள். கொண்டுவந்ததில் பத்தில் ஒன்று, அதாவது ஆண்டுக்கு 1,000 பவுண்டு என்பது உத்தேச வழக்கம். நிலம் குறைவென்றால் பணத்தை டிரஸ்டிகள் பெயரில் அரசுக் கடன்பத்திரத்தில் போடுவார்கள். 4, 5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 400, 500 வரும். மனைவியின் கைச்செலவுக்கான 'பின் மணி' தனிக் கணக்கு. பிறக்காத இளைய பிள்ளைகளின் பங்குகூட அப்போதே எழுதப்பட்டுவிடும். இதை வரதட்சணை என்று மொழிபெயர்த்தால் பாதிக் கதை விட்டுப்போகிறது.

ஓடிப்போகும் கல்யாணத்துக்கு ஏன் அவ்வளவு அலறினார்கள் என்பதும் இங்கேதான் புரியும். 1753ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயது நிரம்பாதவர்கள் பெற்றோர் சம்மதமில்லாமல் லைசென்ஸ் வாங்கி மணக்க முடியாது. ஸ்காட்லாந்தில் அந்தச் சட்டம் செல்லாது என்பதால் எல்லையோர கிரெட்னா கிரீனுக்கு வண்டி கட்டினார்கள். மானம் போனது ஒருபக்கம். பத்திரமே இல்லாமல் மணந்தவள் கணவனின் நல்ல மனசை மட்டும் நம்பி நின்றாள்.

நிலத்தின் கதை வேறு. குடும்பத் தலைவருக்கு அதில் ஆயுள் உரிமை மட்டுமே, விற்க முடியாது. மூத்த மகனுக்கு 21 ஆனதும் இருவரும் சேர்ந்து விற்கக் கூடாது என்ற அந்தப் பழைய கட்டுப்பாட்டை உடைக்கலாம். உடைத்த கையோடு அடுத்த தலைமுறைக்குப் புதுக் கட்டுப்பாடு போட்டுவிடுவார்கள். மகன் ஏன் சம்மதிக்கிறான்? கைச்செலவுக்கு இப்போதே ஆண்டுப்பணம் வேண்டும், அவ்வளவுதான். மகனின் 21ஆம் பிறந்தநாளுக்கு வெளியே குத்தகைக்காரர்களுக்கு விருந்து, உள்ளே கையெழுத்து. இந்தப் பிறந்தநாள் விருந்தைத்தான் நான் அந்தக் காலத்தின் மிகச் சாமர்த்தியமான நாடகம் என்பேன்.

பெண் பிள்ளைகள் அதிகமானால் இந்த ஏற்பாடு திணறும். ஒவ்வொருத்தி சீருக்கும் ஓர் அடமானம். வாடகை ஏறாவிட்டால் வட்டியே வருமானத்தைத் தின்றுவிடும்.

இளைய மகன்களுக்கு தேவாலயப் பதவி, விலைக்கு வாங்கும் ராணுவப் பதவி, இல்லையென்றால் கிழக்கிந்தியக் கம்பெனி. 1812இல் சென்னையில் தொடங்கிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் தமிழ் படித்த இளம் கம்பெனி அதிகாரிகளில், அண்ணனுக்கு நிலம் போனதால் கப்பலேறியவர்களும் உண்டு.